யாப்பில் அமைந்த நஞ்சு



இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கடலில் பண்டா என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. சாதிக்காய் விளையும் நிலம். அந்தச் சாதிக்காய்க்காகவே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1621ஆம் ஆண்டில் அம்மண்ணின் மக்களைக் கொன்று குவித்து, அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களில் நிறுத்தியது. அங்கே, அந்த நூற்றாண்டில், அடிமைப் பெண் ஒருத்தி கரைவலை இழுக்கப்படும் வேளையில் கடலிலிருந்து ஒரு சிறு சங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கரையை நோக்கி நடந்துவரும்போது உள்ளங்கையில் மெல்லிய அரிப்பு ஒன்று தோன்றியது. அது கையேறி, தோளேறி, உடலெங்கும் பரவியது. அவள் அங்கேயே இறந்தாள்.

இச்செய்தியை எழுதிவைத்தவர் கியோர்க் எபர்ஹார்ட் ரும்பியஸ். ஜெர்மனியில் பிறந்து, கம்பெனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்து, 1670ஆம் ஆண்டில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பார்வை போன பின்னும் சங்குகளையும் நண்டுகளையும் பற்றிப் பிறர் கைகொண்டு எழுதுவித்தவர். அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1705இல், அம்போன் தீவின் அரும்பொருள்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அந்நூலில் சங்குகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஆயினும், அவளுடைய உடலில் நிகழ்ந்ததை அவர் சொல்லியிருக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிப்பு என்கிறார், வலி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தேள் கொட்டினால் அலறாதவர் இல்லை. இதுவோ அலற விடாத நஞ்சு. இதன் இயல்பு முழுவதும் இந்த ஒரு குறிப்பில் அடங்கியிருந்தது என்பது ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்தே விளங்கிற்று.

அந்தச் சங்கு கூம்பு நத்தை இனத்தைச் சேர்ந்தது. கூம்பிய தாமரை மொட்டைத் தலைகீழாகப் பிடித்தாற்போன்ற வடிவம். அதன்மேல் நெசவுத் துணியையும் பளிங்கையும் நிலப்படத்தையும் நினைவூட்டும் கோலங்கள். லின்னேயஸ் 1758இல் பெயரிட்டபோது ஒன்றை நெசவு என்றார், ஒன்றைப் புவியியலாளன் என்றார், ஒன்றை மந்திரவாதி என்றார். அந்த மந்திரவாதி பின்னால் இவ்வுரையில் மீண்டும் வரும். ஐரோப்பியச் செல்வர்கள் இவற்றைப் பேழையில் வைத்துப் போற்றினர். ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் பளிங்குக் கூம்பு ஒன்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும் என்பதறிந்து தம் கையொப்பத்தைத் திருப்பிச் செதுக்கியவர், சங்கைத் திருப்ப மறந்தார் போலும். அதனால் அப்படத்தில் வலம்புரி இடம்புரியாகவும் இடம்புரி வலம்புரியாகவும் ஆயிற்று. இத்தனை பேர் கையில் எடுத்து வியந்த அச்சங்கின் உள்ளே வாழ்ந்த உயிர் என்ன உண்டது, எப்படி உண்டது என்று கேட்டவர் மட்டும் வெகுகாலம் ஒருவரும் இல்லை.

ஆலன் கோன் என்னும் அமெரிக்க அறிஞர் ஹவாய்த் தீவில் இவற்றை நீர்த்தொட்டியில் வளர்த்துப் பார்த்து, இவற்றுள் சில உயிருள்ள மீனைப் பிடித்து விழுங்குகின்றன என்று 1956இல் அறிவித்தார். நத்தை மீனைப் பிடிப்பதா? நத்தையின் நடையும் மீனின் ஓட்டமும் உலகறிந்தவை. ஆயினும் உண்மை அதுவே. கூம்பு நத்தைகளில் இன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கடற்புழுக்களை உண்பவை; சில பிற நத்தைகளை உண்பவை; குறைந்த அளவினவே மீனுண்பவை. மற்ற நத்தைகள் பாசியைச் சுரண்டப் பயன்படுத்தும் பல், இவற்றில் உள்ளீடற்ற சிறு எறியீட்டியாக மாறியிருக்கிறது. ஒரு முறைக்கு ஓர் ஈட்டி. நீண்ட துதிக்கையின் நுனியில் அதை ஏந்தி, மீன் நெருங்கும்வரை அசையாது காத்திருந்து, எய்து, நஞ்சைச் செலுத்துகிறது. எய்தபின் துரத்திச் செல்ல அதற்குக் கால் இல்லை. அடிபட்ட மீன் நான்கு முழம் நீந்திவிட்டால் உணவு வேறொருவருக்கு. ஆகவே மீன் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே நின்றாக வேண்டும். விரைவற்ற உயிருக்கு விரைவு மிக்க நஞ்சு தேவைப்பட்டது.

நஞ்சு எங்கே சென்று எதைச் செய்கிறது என்பதை அறிய, நரம்பு எப்படிப் பேசுகிறது என்பதைச் சிறிது அறிய வேண்டும். நரம்பணுவைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மதில்போல் இருக்கிறது. மதிலுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. இவை மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அயனிகள் எனப்படுபவை. கொழுப்பு மதிலை இவற்றால் ஊடுருவ இயலாது. மதிலில் வாயில்கள் உண்டு. சோடியத்திற்கு ஒரு வகை வாயில், பொட்டாசியத்திற்கு ஒரு வகை, கால்சியத்திற்கு ஒரு வகை. புரதத்தால் ஆன இவ்வாயில்களே அயனி வாயில்கள். ஒரு செய்தி வரும்போது சோடிய வாயில் திறக்கிறது. அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அது தானே அடைத்துக்கொள்கிறது. பொட்டாசிய வாயில் திறந்து நிலைமை பழையபடி ஆகிறது. இந்தத் திறப்பும் அடைப்பும் நரம்பு நெடுகிலும் அலையாக ஓடுகின்றன. நரம்பின் கடைமுனையை எட்டியதும் அங்குள்ள கால்சிய வாயில்கள் திறக்க, வேதித்தூது ஒன்று வெளிப்பட்டு அடுத்த நரம்பையோ தசையையோ தட்டி எழுப்புகிறது. எழுதுகோலைப் பிடிக்கும் விரலின் அசைவும், தீச்சுட்ட கையின் துடிப்பும் இந்த வாயில்கள் திறந்து மூடுவதன் விளைவுகளே.

இதைக் கணக்கிட்டுச் சொன்னவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும்; ஆண்டு 1952. அவர்கள் ஆய்ந்தது கணவாயின் பெரு நரம்பை. கணவாயும் நத்தையும் மெல்லுடலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. நரம்பின் மொழியை மனிதர் ஒரு மெல்லுடலியிடம் கற்றனர். அம்மொழியின் வாயில்களை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்க்கும் திறவுகோல்களை அதன் உறவினரிடமிருந்து பெற்றனர். இது தற்செயல்தான், எனினும் சொல்லாமல் விடத் தக்கதன்று.

கூம்பு நத்தையின் நஞ்சு ஒரு பொருளன்று. ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய வாயிலைத் தேடிச் செல்கிறது. பசிபிக் கடலின் கிழக்குக் கரையோரம் வாழும் பர்ப்புராசென்ஸ் என்னும் இனம் மீனை வீழ்த்தும் முறை 1996இல் விளக்கப்பட்டது. முதலில் இரண்டு பெப்டைடுகள் வேலை செய்கின்றன. ஒன்று சோடிய வாயிலை அடைக்க விடாது தடுக்கிறது. மற்றொன்று பொட்டாசிய வாயிலைத் திறக்க விடாது தடுக்கிறது. நரம்புகள் ஓயாது கூவுகின்றன. மீன் ஓரிரு நொடிக்குள் மின்னல் தாக்கினாற்போல் விறைக்கிறது. இது முதல் அடி. இரண்டாம் அடி அடக்கமானது. நரம்பு தசையோடு சேரும் சந்தியில் கால்சிய வாயில் ஒன்றால் அடைபடுகிறது. தூதை ஏற்கும் தசையின் வாயில் வேறொன்றால் அடைபடுகிறது. தசையின் சோடிய வாயிலை இன்னொன்று அடைக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்து மூன்று கதவுகள். எந்த ஒன்று தவறினாலும் மற்றது போதும். முதலில் விறைத்த மீன் பின்னர் தளர்ந்து துவள, நத்தை அதை விழுங்குகிறது.

பாவலர்கள் செவிமடுக்கத்தக்க பகுதி இனித்தான் வருகிறது. புவியியலாளன் கூம்பின் நஞ்சில் உள்ள ஒரு பெப்டைடு, தசையின் தூது வாயிலை அடைப்பது, 13 அமினோ அமிலங்களால் ஆனது. நாலடி வெண்பாவில் 15 சீர்கள் உண்டு. வெண்பாவினும் இரண்டு சீர் குறைந்த ஒரு சொற்கோவையால் ஒரு மீனின் தசைகளெல்லாம் அடங்குகின்றன. தசையின் சோடிய வாயிலை அடைப்பதற்கு 22. மந்திரவாதிக் கூம்பின் கால்சிய வாயில் பெப்டைடுக்கு 25. பாம்பின் நஞ்சில் உள்ள நரம்பு நச்சுப் புரதங்கள் பலவும் அறுபதும் எழுபதும் கொண்டு நிகழ்த்துவதை நத்தை இந்தச் சுருக்கத்தில் நிகழ்த்துகிறது.

இத்தனை சிறிய சங்கிலி துவண்டு போகாமல் வடிவம் கொண்டு நிற்பது எப்படி? அமினோ அமிலங்களுள் சிஸ்டீன் என்பது கந்தகம் உடையது. சங்கிலியில் எட்ட எட்ட நிற்கும் இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோத்துக்கொள்ளும். அந்த 13இல் இரண்டாம் இடம் ஏழாம் இடத்தோடும், மூன்றாம் இடம் பதின்மூன்றாம் இடத்தோடும் பிணைகின்றன. அடுத்தடுத்த அமிலங்கள் தம்முள் கூடுவது தளை. எட்ட நிற்கும் சிஸ்டீன்கள் கூடுவது தொடை. சீரும் சீரும் தளையால் சேர்ந்தால் ஓசை பிறக்கும்; அடியும் அடியும் எதுகையால் சேர்ந்தால்தான் பாட்டு ஒன்றாக நிற்கும் என்பது யாப்பறிந்தோர் அறிந்தது. இங்கும் அப்படியே. கந்தகத் தொடை இடம் மாறினால் அதே அமிலங்கள் அதே வரிசையில் இருந்தும் பெரும்பாலும் வாயிலில் பொருந்துவதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. சோடிய வாயிலைத் திறந்தே வைக்கும் வகை, பொட்டாசிய வாயிலை அடைக்கும் ஒரு வகை, கால்சிய வாயிலை அடைக்கும் வகை ஆகிய மூன்றிலும் ஆறு சிஸ்டீன்கள் உள்ளன. மூன்றிலும் அவை நிற்கும் ஒழுங்கு ஒன்றே. தனியே ஒன்று, தனியே ஒன்று, அடுத்தடுத்து இரண்டு, தனியே ஒன்று, தனியே ஒன்று. இந்த ஆறிடம் மாறுவதில்லை. இடையில் வரும் அமிலங்களோ இனத்துக்கு இனம் கட்டற்று மாறுகின்றன. மாறாத யாப்பு; மாறிக்கொண்டே இருக்கும் சொல். ஒரே பாவினத்தில் ஒருவர் வாழ்த்துப் பாட ஒருவர் அங்கதம் பாடுவதுபோல, ஒரே சட்டகத்தில் ஒன்று திறக்கிறது, ஒன்று அடைக்கிறது. யாப்பு புலவனைக் கட்டிப்போடுகிறது என்று புதுக்கவிதையாளர் சொல்வதுண்டு. அந்த வழக்கில் நத்தையைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையாகாது. ஆனால் அழைத்தால் அது எந்தப் பக்கம் பேசும் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் தமிழகத்தோடு உள்ள இரண்டு தொடர்புகளைச் சொல்லலாம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய இயலாது என்று வரைந்து காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரன். தம் குழுவினருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நத்தையின் பெப்டைடு வடிவம் கண்டறியப்படும்போதும் அந்த வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கப்படுகிறது. அடுத்தது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணனும் தம் குழுவினரோடு இந்தியக் கடலின் அமாடிஸ் என்னும் கூம்பு நத்தையை ஆய்ந்து, சோடிய வாயிலை அடைக்க விடாத 26 அமிலப் பெப்டைடு ஒன்றை 2003இல் அறிவித்தனர். அதிலும் அதே ஆறு சிஸ்டீன்கள், அதே ஒழுங்கில்.

இனி மந்திரவாதிக் கூம்புக்கு வரலாம். அதன் கதை பால்டொமெரோ ஒலிவேரா என்பவரின் கதையோடு பிணைந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவர், சிறுவயதில் சங்கு சேர்த்தவர். அமெரிக்காவில் மரபணு வேதியியல் கற்று, 1960களின் இறுதியில் மணிலா திரும்பியபோது அந்த ஆய்வைத் தொடரும் கருவிகள் அங்கே இல்லை. கருவி வேண்டாத ஆய்வு எது என்று எண்ணியவருக்குக் கடற்கரையில் கிடைக்கும் கூம்பு நத்தை நினைவுக்கு வந்தது. லூர்து குரூஸ் என்னும் பெண் அறிஞரும் அவருமாக நஞ்சைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். தலைகீழாகக் கம்பிவலையில் தொங்கும் எலி எப்போது பிடி நழுவி விழுகிறது என்று பார்ப்பதே அளவை. வறுமையில் பிறந்த ஆய்வு. கருவி மிகுந்த இடத்தில் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

பின்னர் அவர் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும்போது, கிரெய்க் கிளார்க் என்னும் இளநிலை மாணவர் நஞ்சின் கூறுகளை எலியின் மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கலாம் என்றார். ஆசிரியருக்கு முதலில் பெரிய நம்பிக்கை இல்லை. செலுத்தியபோதுதான் வியப்பு விளைந்தது. ஒரு கூறு எலியைத் தூங்க வைத்தது. ஒன்று நடுங்க வைத்தது. ஒன்று சொறிந்துகொள்ளச் செய்தது. ஒவ்வொரு கூறுக்கும் மூளையில் ஒரு தனி வாயில் இருந்தது என்பது இதன் பொருள். தூங்க வைத்த பெப்டைடு இரண்டு வாரத்திற்கு உட்பட்ட எலிக்குஞ்சுகளையே தூங்க வைத்தது. வளர்ந்த எலிகளை ஓயாது ஓட வைத்தது. அதற்குக் கொனன்டோக்கின் என்று பெயரிட்டனர். தூங்குமூஞ்சி என்று பொருள்படும் 'அன்டுக்கின்' என்னும் பிலிப்பைன்ஸ் தாய்மொழிச் சொல் அதனுள் இருக்கிறது. கிரேக்கமும் இலத்தீனும் ஆளும் கலைச்சொல் உலகில் தன் தாய்மொழிச் சொல்லை ஒருவர் இவ்வளவு இயல்பாக நுழைத்துவிட்டார். கலைச்சொல்லாக்கம் பற்றி நெடுநாள் வாதிடும் தமிழ் அவைகள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

நடுங்க வைத்த பெப்டைடை மந்திரவாதிக் கூம்பிலிருந்து தூய்மை செய்தவர் மைக்கேல் மக்கின்டாஷ். அப்போதுதான் பள்ளிப்படிப்பை முடித்து வந்திருந்த இளைஞர். அந்த 25 அமிலங்கள் நரம்பு முனையின் கால்சிய வாயில்களில் ஒரு வகையை மட்டும் தேர்ந்து அடைக்கின்றன. அவ்வகை வாயில், வலியைக் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தில் தூது சொல்லும் முனைகளில் செறிந்திருக்கிறது. அதை அடைத்தால் தூது வெளிப்படாது. காயம் காயமாகவே இருக்கும். செய்தி மட்டும் மூளைக்குப் போகாது. மீனை வீழ்த்தும் அதே செயல், இடம் மாறி, அளவு மாறி, மனிதரின் வலியை நிறுத்துகிறது. பண்டாத் தீவுப் பெண்ணின் கையில் வலி தோன்றாததை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

சிக்கோனோடைடு என்ற பெயரில் இம்மருந்துக்கு அமெரிக்க அரசு 2004 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுவதுதான், இதற்காக நத்தைகள் கொல்லப்படுவதில்லை. ஆனால் நத்தை எழுதிய 25இல் ஒன்றும் மாற்றப்படவில்லை. மனிதர் திருத்தம் செய்யாமல் அச்சிட்ட படி அது. மார்ஃபீன் பலகாலம் தரப்பட்டால் உடல் அதற்குப் பழகிவிடும்; அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இது வாயிலை நேரே அடைப்பதால் அவ்வாறு பழகுவதில்லை. மார்ஃபீனும் கைவிட்ட நோயாளிகளுக்கு இது பெரும் துணை.

எனினும் இதை அமுதம் என்று பாடிவிட வேண்டாம். வாயால் உண்ணவோ இரத்தத்தில் ஏற்றவோ இயலாது. இரத்தத்தில் ஏறினால் குருதியழுத்தம் வீழும். ஆகவே வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சிறு இயந்திரத்தைப் பதித்து, மெல்லிய குழாய் வழியே தண்டுவட நீருக்குள் சொட்டச் செய்கின்றனர். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேற்படாமல் தொடங்கி, மிகுதியாகப் போனால் 19.2 வரை. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு. இந்த அளவிலும் சிலருக்குத் தலைசுற்றல், மறதி, இல்லாததைக் காணும் மயக்கம், சொல்ல வந்த சொல் நாவில் வராத தடுமாற்றம் ஆகியவை நேர்கின்றன. கடுமையான மனக்குழப்பம் நேரலாம் என்ற எச்சரிக்கையை மருந்துத் தாளின் தலையிலேயே கட்டமிட்டு அச்சிடுகின்றனர். அந்த வாயில் வலிக்கு மட்டும் உரியதன்று. நினைவும் சொல்லும் அதே வகை வாயில்களின் வழியே போய்வருகின்றன. வலியை இழக்கும்போது ஒரு சொல்லையும் சேர்த்து இழக்க நேர்ந்தால் அந்தப் பேரத்தை ஏற்கலாமா என்பதை, இரவெல்லாம் வலியில் கிடக்கும் ஒருவரே சொல்லத் தகுதியுடையவர்.

நத்தையின் நுட்பம் இதோடு முடியவில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, புவியியலாளன் கூம்பிடம் இருப்பது ஒரு நஞ்சன்று, இரண்டு என்று காட்டியது. நஞ்சுக் குழலின் ஒரு பகுதியில் வேட்டைக்கு உரியதும், மற்றொரு பகுதியில் தற்காப்புக்கு உரியதும் சுரக்கின்றன. எது வேண்டுமோ அதை அது எய்கிறது. தற்காப்பு நஞ்சில்தான் மனிதத் தசையை முடக்கும் பெப்டைடுகள் மிகுதி. மறு ஆண்டில், இந்த நத்தை மீனின் இன்சுலினைப் போன்ற ஒன்றைத் தயாரித்து நீரில் விட்டு, மீன்களின் இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி அவற்றைச் சோர வைக்கிறது என்பது தெரியவந்தது. அவ்வாறு சோர்ந்த மீன்களை வாயை வலைபோல் விரித்து மூடிக்கொள்கிறது.

இத்தற்காப்பு நஞ்சு பாய்ந்தவருக்கு என்ன ஆகும் என்பதற்கு 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் நிகழ்ந்த இறப்பு சான்று. ஓர் இளைஞர் சங்கை உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் அதன் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குத்தியபோது வலி இல்லை, மரப்பு மட்டுமே. சிறிது நேரத்தில் உதடு விறைத்தது, பார்வை இரண்டாகத் தெரிந்தது, கால்கள் செயலிழந்தன, சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

பாம்புக் கடிக்கு முறிமருந்து உண்டு. கூம்பு நத்தைக்கு இன்றுவரை முறிமருந்து இல்லை. ஆனால் மருத்துவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தப் பெப்டைடுகள் வாயிலை உடைப்பதில்லை, அடைக்கவே செய்கின்றன. நஞ்சு மெல்ல உடலைவிட்டு நீங்க, வாயில்கள் தாமே திறந்துகொள்ளும். இறப்பு நேர்வது, அதற்குள் மூச்சுத் தசைகள் நின்றுவிடுவதால். ஆகவே பிறர் ஒருவர் வாயாலோ இயந்திரத்தாலோ சில மணி நேரம், வேண்டுமாயின் ஒரு நாள், அவருக்காக மூச்சை நடத்திக்கொண்டிருந்தால், கண் இமைக்கவும் இயலாது கிடந்தவர் எழுந்து உட்காரலாம்.